பதிமுகம், சுக்கு, நன்னாரி: அளவும் பக்குவமும்

தமிழக-கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் முதலில் வருவது சிவந்த வெள்ளம், அதாவது பதிமுகம் போட்டுக் கொதிக்கவைத்த குடிநீர். மார்த்தாண்டம், குலசேகரம், பளுகல் வட்டாரத்து வீடுகளிலும் கூஜாவில் அதே நிறம்தான். ஜூனில் இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் சுக்குக்காப்பி அடுப்பேறும். பங்குனி, சித்திரையில் நன்னாரி சர்பத். இந்த மூன்றையும் எடை போட்டு, நேரம் பார்த்து வீட்டில் செய்வது எப்படி, எந்த இடத்தில் கெடும், யாருக்கு ஆகாது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறோம். கஷாயங்களையும் பச்சைச் சாறுகளையும் தனியாகக் கடைசியில் வைத்திருக்கிறோம். அவற்றின் கணக்கே வேறு.

முதலில் அடர்த்தி. வீட்டில் ஒரே சரக்கை மூன்று விதமாகப் போடுகிறோம். தாகத்துக்கு என்றால் 1 லிட்டர் தண்ணீரில் 1 முதல் 2 கிராம். காப்பிப் பதம் என்றால் 200 மி.லி.க்கு 2 முதல் 3 கிராம். கஷாயம் என்றால் 5 கிராம் சரக்கை 200 மி.லி. தண்ணீரில் போட்டு 50 மி.லி.யாக வற்றவைப்பது. ஒரு தம்ளர் தாக வெள்ளத்தில் 0.2 முதல் 0.4 கிராம் சரக்கு இருந்தால், ஒரு வாய்க் கஷாயத்தில் 5 கிராம் இருக்கிறது. பன்னிரண்டு மடங்குக்கு மேல். தாக வெள்ளம் நாள் முழுக்கக் குடிக்கலாம், காப்பிப் பதம் தேவைக்கு, கஷாயம் மருந்து. பெரும்பாலான கோளாறுகள் கஷாயத்தைத் தாக வெள்ளம்போல மாதக்கணக்கில் குடிப்பதால் வருகின்றன.

சமையலறை டிஜிட்டல் தராசு பெரும்பாலும் 1 கிராமைச் சரியாகக் காட்டாது. 10 கிராம் நிறுத்து, தாளில் கொட்டி, பத்துக் குவியலாகப் பிரித்தால் போதும். ஒருமுறை கண்ணுக்கு அளவு பிடிபட்டுவிட்டால் பிறகு கையே நிறுக்கும்.

பதிமுக வெள்ளம்

பதிமுகம் என்பது சப்பங்க மரத்தின் நடுவைரம். நாட்டு மருந்துக் கடையில் சீவலாகவோ சிறு குச்சியாகவோ கிடைக்கும். தூளாக வாங்க வேண்டாம், அதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்க வழியில்லை. நல்ல சீவல் ஆரஞ்சு கலந்த செம்பழுப்பாக இருக்கும், விரலில் தேய்த்தால் சாயம் ஒட்டாது. சீவல் பளிச்சென்ற ரத்தச் சிவப்பில் இருந்தால் சந்தேகப்படலாம்.

சோதிப்பது எளிது. ஒரு கண்ணாடித் தம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து நாலு சீவல் போடுங்கள். சாயம் ஏற்றிய மரத்தூள் என்றால் போட்ட மாத்திரத்தில் சிவப்பு இழை இழையாக இறங்கும். அசல் சீவல் மெதுவாகத்தான் நிறம் விடும். அடுத்து, கொதிக்கவைத்த சிவந்த வெள்ளத்தில் பாதி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். அசல் பதிமுகம் சட்டென மஞ்சளாக மாறும். மாறாமல் சிவப்பாகவே நின்றால் அந்தப் பொட்டலத்தைக் குப்பையில் போடலாம்.

இந்த நிறமாற்றத்துக்குக் காரணம் மரத்தில் உள்ள பிரேசிலின் என்ற பொருள். காற்றும் சூடும் பட்டு அது சிவப்பாகிறது. புளிப்பான நீரில் மஞ்சளாகவும் காரத்தன்மையுள்ள நீரில் இளஞ்சிவப்பிலிருந்து செஞ்சிவப்பாகவும் தெரியும். ‘அக்கா வீட்டில் ரோஸாக வருகிறது, நம் வீட்டில் மஞ்சளாகவே நிற்கிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்’ என்ற புகாருக்குப் பாதி நேரம் பதில் கிணற்றில்தான் இருக்கிறது. செம்பாறை மண்ணில் தோண்டிய கிணற்று நீர் பொதுவாகச் சற்றுப் புளிப்புத்தன்மை உள்ளது. சுண்ணாம்பும் காரமும் கூடிய ஆழ்துளைக் கிணற்று நீரில் அதே சீவல் அடர் ரோஸாக வரும். நிறம் வரவில்லை என்று கைப்பிடி சீவலை அள்ளிப் போடுவதிலோ, சமையல் சோடா சேர்ப்பதிலோ ஒரு பயனும் இல்லை. துவர்ப்பு ஏறும், சோடா உப்பும் உள்ளே போகும்.

செய்முறை: 2 லிட்டர் தண்ணீரை முதலில் தளதளவென்று கொதிக்க விடுங்கள். குமிழி மேலெழுந்து உருள ஆரம்பித்ததும் சீவல் 2 கிராம், அதாவது விரல் நீளத்தில் ஏழெட்டுத் துண்டு, போடுங்கள். தீயைக் குறைத்து 3 நிமிடம், பிறகு அடுப்பை அணைத்து மூடி 10 நிமிடம். வடிகட்டி, மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்திலோ மண்கூஜாவிலோ ஊற்றுங்கள். சீவலை உள்ளேயே விட்டுவிட்டால் சாயங்காலத்துக்குள் நாக்கு ஒட்டும் அளவுக்குத் துவர்க்கும். அதே சீவலை மறுநாள் காயவைத்துப் போடுபவர்கள் உண்டு. மழைக்காலத்தில் அது காயாது, பூசணம்தான் பிடிக்கும். 2 கிராம் மரத்தில் என்ன மிச்சம் பிடிக்கப் போகிறோம்?

கடையில் ‘தாகசமனி’ என்று வரும் கலவையில் பதிமுகத்தோடு கருங்காலி, வெட்டிவேர், ஏலக்காய், சுக்கு, கொத்தமல்லி எல்லாம் சேர்ந்திருக்கும். வீட்டில் கலப்பதானால் பதிமுகம் 40 கிராம், கருங்காலிச் சீவல் 30 கிராம், வெட்டிவேர் 20 கிராம், தட்டிய சுக்கு 10 கிராம். லிட்டருக்கு 1 கிராம் போட்டால் 100 லிட்டருக்கு வரும். குடிநீருக்கு வேண்டிய கருங்காலி செம்பழுப்புக் கட்டை. வெட்டிவேரைக் கட்டாயம் மூன்று தண்ணீரில் அலசுங்கள், வேரிடுக்கில் மண் அவ்வளவு இருக்கும். கருங்காலி துவர்ப்புச் சரக்கு. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை இந்த வெள்ளத்தோடு விழுங்கக் கூடாது, துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். மாத்திரைக்கு வெறும் வெந்நீரோ எலுமிச்சைச் சாறோ போதும்.

இனி முக்கியமான விஷயம். பதிமுக வெள்ளத்தால் உறுதியாகக் கிடைக்கும் பெரிய நன்மை, தண்ணீர் கொதித்திருக்கிறது என்பதே. மரம் தண்ணீரைச் சுத்தம் செய்வதாக நம்பிவிடக் கூடாது. சூடு தணிய வேண்டும் என்று கொதித்த சிவந்த வெள்ளத்தில் பச்சைத் தண்ணீரைக் கலப்பது கடைகளில் அன்றாடம் நடக்கிறது. நிறம் லேசாக வெளுக்கும், மற்றபடி கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள்காமாலை பரப்பும் ஹெபடைட்டிஸ் ஏ கிருமிக்கு இது திறந்த வாசல். கேரள சுகாதாரத் துறை திரும்பத் திரும்ப எச்சரிக்கும் விஷயமும் இதுதான். வெளியே குடிப்பதானால் ஆவி பறக்க வரும் வெள்ளத்தைக் கேளுங்கள். வெதுவெதுப்பாக வந்தால், அது ஆறிய வெந்நீரா கலந்த வெந்நீரா என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் ஆறவைக்க அவசரம் என்றால் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வையுங்கள், உள்ளே எதையும் ஊற்ற வேண்டாம். அன்று கொதித்ததை அன்றே தீர்க்க வேண்டும். மறுநாளைக்கு மிஞ்சினால் செடிக்கு.

சுக்குக்காப்பி

‘கடுக்காய்க்கு அகநஞ்சு, சுக்குக்குப் புறநஞ்சு’ (கடுக்காயின் கொட்டையும் சுக்கின் தோலும் ஆகாது) என்று சித்த மருத்துவத்தில் சொல்வது இன்றைக்கும் அப்படியே பொருந்தும். சந்தையில் வெள்ளை வெளேர் என்று வரும் சுக்கு பெரும்பாலும் சுண்ணாம்பு நீரில் முக்கிக் காயவைத்தது. இரண்டு துண்டைத் தேய்த்தால் வெள்ளைத் தூள் உதிரும். தோல் பழுப்பாக, சுருங்கி, மண் லேசாக ஒட்டியதை வாங்குவது நல்லது. ஒடித்துப் பாருங்கள். டக்கென்று முறிந்து உள்ளே வெளிர்மஞ்சளாக இருந்தால் நல்ல சரக்கு. வளைந்தால் ஈரம். ஊசித் துளை தெரிந்தால் வண்டு. எந்தச் சுக்கானாலும் கத்தியால் மேல்தோலைச் சீவி, ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்த பிறகுதான் எடை போட வேண்டும்.

பொடிக்கு அளவு: சீவிய சுக்கு 100 கிராம், கொத்தமல்லி விதை 200 கிராம், மிளகு 20, சீரகம் 20, ஏலக்காய் 10, திப்பிலி 10. மொத்தம் 360 கிராம். தம்ளருக்குத் தலைதட்டிய ஒரு டீஸ்பூன், ஏறக்குறைய 2.5 கிராம் வீதம் போட்டால் 140 தம்ளருக்கு மேல் வரும். சுக்கைக் கூட்டி மல்லியைக் குறைப்பதுதான் காரசாரம் என்று பலர் செய்கிறார்கள். அந்தப் பொடி முதல் நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் வயிறு எரியும். மல்லி இரண்டு பங்கு, சுக்கு ஒரு பங்கு என்பதை மாற்றாதீர்கள்.

முழுச் சுக்கை மிக்ஸியில் போடக் கூடாது, பிளேடு போய்விடும். துணியில் சுற்றி அம்மிக் குழவியாலோ சுத்தியலாலோ தட்டி, சுண்டைக்காய் அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள். மல்லியைச் சிறு தீயில் நாலைந்து நிமிடம், வாசம் எழும்பும் வரை வறுக்க வேண்டும். நிறம் மாறத் தொடங்கினால் தாண்டிவிட்டது, காப்பி கசக்கும். மிளகும் சீரகமும் திப்பிலியும் சூடேறினால் போதும். ஏலக்காயை வறுக்கவே வேண்டாம், தோலோடு போடுங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இதற்கு அடுத்த படியில். வறுத்த சூட்டோடு அரைத்தால் ஆவி பொடிக்குள்ளேயே நின்று, பத்து நாளில் கட்டி தட்டும். தட்டில் பரப்பி, கை வைத்தால் குளிரும் வரை ஆறவிட்டு, விட்டு விட்டு அரையுங்கள். தொடர்ந்து ஓட்டினால் மிக்ஸி ஜாடியே சூடாகி வாசத்தை விரட்டிவிடும். சலித்தபின் சல்லடையில் பஞ்சுபோல நார் நிற்கும், அது சுக்கின் நார். அதைத் தனியாக எடுத்து வைத்துத் தாக வெள்ளத்தில் ஒரு சிட்டிகை போட்டுக் கொதிக்கவைக்கலாம். சலிக்காமல் விட்டால் ஒவ்வொரு தம்ளரிலும் தொண்டையில் உறுத்தும்.

குமரி மாவட்டத்தில் இரண்டு மழையும் உண்டு, ஜூனிலும் அக்டோபரிலும். அந்த மாதங்களில் பாதி அளவுதான் அரைக்க வேண்டும். கண்ணாடிக் குப்பி, இறுக்கமான மூடி, உலர்ந்த ஸ்பூன். கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே குப்பியைப் பிடித்துக்கொண்டு பொடி போடும் பழக்கம்தான் மிக வேகமாகக் கெடுக்கிறது, ஆவி நேரே குப்பிக்குள் ஏறும். காற்றுப் புகாமல் வைத்தால் இரண்டு மாதம் மணம் நிற்கும். பூசண வாடை அடித்தாலோ சாம்பல்பச்சைத் தடம் தெரிந்தாலோ முழுக் குப்பியையும் கொட்டிவிடுங்கள். மறுபடி வறுத்தால் சரியாகிவிடும் என்பது தப்பு. பூசணம் செத்தாலும் அது விட்ட அஃப்ளாடாக்சின் அடுப்புச் சூட்டில் அழியாது.

கருப்பட்டியை நேராகப் பாத்திரத்தில் போடாதீர்கள். அடியில் மணலும் சுண்ணாம்பும் நாரும் தங்கும். கருப்பட்டி 250 கிராமைத் தட்டி 250 மி.லி. தண்ணீரில் கரைத்து, ஒரு கொதி விட்டு, துணியில் வடிகட்டிப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். மேலாக ஊற்றிக்கொண்டு அடிவண்டலை விட்டுவிட வேண்டும். சுமார் 400 மி.லி. பாகு கிடைக்கும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். 25 மி.லி. பாகில் 15 கிராம் கருப்பட்டி இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி காப்பி. 220 மி.லி. தண்ணீர் கொதித்ததும் ஒரு டீஸ்பூன் பொடி. பாதி மூடி, சிறு தீயில் 4 நிமிடம். அணைத்து 2 நிமிடம் தெளியவிட்டு வடிகட்டி, 25 மி.லி. பாகு. கேரளப் பக்கம் இதிலேயே அரை ஸ்பூன் காப்பிப்பொடியும் நாலு துளசி இலையும் விழும். மணம் அபாரம், ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு அதைக் குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று சுக்கின் மேல் பழி போடக் கூடாது. துளசியை அணைத்த பிறகு போடுங்கள்.

பால் சேர்த்தால் திரிகிறதா? கருப்பட்டிப் பாகைப் பாலோடு சேர்த்துக் கொதிக்கவைத்ததுதான் காரணம். பாலைத் தனியே காய்ச்சி, இரண்டும் சற்று ஆறியபின் தம்ளரில் கலந்தால் திரியாது. பச்சை இஞ்சி போட்டாலும் இதே கதை. பச்சை இஞ்சியில் பாலைத் திரிக்கும் நொதி உண்டு. இஞ்சியைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்ட பிறகே பால் ஊற்ற வேண்டும்.

நன்மை என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியவை இவை: சுக்கு குமட்டலைக் குறைக்கும், மந்த வயிற்றை அசைக்கும். சூடான நீராகாரம் தொண்டைக்கு இதம், சளியை இளக்கும். அதற்குமேல் ‘ரத்தத்தைச் சுத்திகரிக்கும்’, ‘நுரையீரலைக் கழுவும்’ என்று பாக்கெட்டில் அச்சடிப்பதெல்லாம் விற்பனைப் பேச்சு. நாளைக்கு இரண்டு தம்ளர் போதும். இந்த அளவில் 1.4 கிராம் சுக்கு உடம்புக்குள் போகிறது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கு ஆய்வுகளில் கொடுத்தது நாளொன்றுக்குச் சுமார் 1 கிராம். அதனால் அவர்களுக்கு ஒரு தம்ளர், அதுவும் திப்பிலி சேர்க்காத பொடியில், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு.

நெஞ்செரிச்சல், குடல்புண் உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றில் கூடாது. பித்தப்பைக் கல் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டு குடிக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் சுக்கையும் மஞ்சளையும் மருந்தளவில் எடுக்கக் கூடாது. பலரும் கவனிக்காதது மிளகு. அதிலுள்ள பைப்பரின் சில மருந்துகளை உடம்பு வழக்கத்தைவிடக் கூடுதலாக உறிஞ்சும்படி செய்துவிடும். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாய்ன், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், ரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால் இவற்றில் அது தெரிந்த விஷயம். குழம்பில் போடும் மிளகைப் பற்றிக் கவலை வேண்டாம். தினம் மூன்று வேளை மிளகுக் கஷாயம் என்று ஆரம்பித்தால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டி ‘நல்ல சர்க்கரை’ என்பதும் எடுபடாது, அதில் பெரும்பகுதி சர்க்கரையே. பாகு இல்லாமல் ஒரு ஏலக்காய் கூடுதலாகத் தட்டிப் போட்டுக் குடித்துப் பழகலாம்.

நன்னாரி சர்பத்

நன்னாரியின் மணம் வேர்த்தோலில் இருக்கிறது. நடுவிலுள்ள வெள்ளைக் கட்டையில் ஒன்றும் இல்லை. நல்ல வேர் பென்சிலைவிட மெலிதாக, கரும்பழுப்பாக, குறுக்கே வெடிப்பு வெடிப்பாக இருக்கும். நகத்தால் கீறி முகர்ந்தால் வனிலாவை நினைவூட்டும் வாசம் வர வேண்டும். வாசம் இல்லாத பழைய வேரை எவ்வளவு போட்டாலும் மரத்தண்ணீர்தான் கிடைக்கும். கட்டைவிரல் தடிமனில் சதைப்பற்றாக இருந்தால் அது மாகாளிக்கிழங்கு. அதற்கும் கிட்டத்தட்ட அதே மணம், ஊறுகாய்க்கு அருமை. நன்னாரி விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

இந்த மணம் ஆவியோடு ஓடிவிடும் இனம். வேரைத் திறந்த பாத்திரத்தில் அரைமணி நேரம் கொதிக்கவைத்தால் வீடெல்லாம் மணக்கும், சர்பத்தில் மணம் இருக்காது. ஆகவே ஊறல்தான் வழி. 100 கிராம் வேரை அலசி, ஒரு மணி நேரம் காயவிட்டு, அம்மியில் லேசாகத் தட்டி, நடுக்கட்டையை உருவி எறியுங்கள். 1 லிட்டர் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, வேரைப் போட்டு, இறுக மூடி, ராத்திரி முழுக்க 12 மணி நேரம் வையுங்கள். காலையில் துணியில் வடித்தால் ஏறத்தாழ 850 மி.லி. வரும். அதில் 1.6 கிலோ சர்க்கரை.

இவ்வளவு சர்க்கரையா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எடையில் நூற்றுக்கு 65 பங்கு சர்க்கரை இருந்தால்தான் ஈஸ்ட் தலையெடுக்காது, வெளியில் வைத்தாலும் நிற்கும். குறைத்துப் போட்டால் மூன்றாவது வாரம் மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ என்று கேட்கும், புளிச்ச வாடை அடிக்கும். அதன்பின் காய்ச்சிச் சரிசெய்ய முயல வேண்டாம். சர்க்கரையை ஒரு கிலோவாகக் குறைப்பதானால் ஃபிரிட்ஜில் வைத்து ஐந்து நாளில் தீர்த்துவிடுங்கள்.

சர்க்கரையைச் சிறு தீயில் கரைத்து, மூடிபோட்டு, கொதி வருவதற்குச் சற்று முன்னால், பாத்திரத்தின் ஓரத்தில் சிறு குமிழி கட்டும் சூட்டில் 5 நிமிடம் நிறுத்தவும். பாகு பதம் பார்க்க வேண்டியதில்லை. கம்பிப் பதத்துக்குக் காய்ச்சினால் ஆறியபின் குப்பியடியில் கற்கண்டு கட்டிவிடும். அதைத் தடுக்க அரை டீஸ்பூன் எலுமிச்சை உப்பு சேர்க்கலாம். வெந்நீரில் கொதிக்கவைத்து முற்றிலும் உலர்த்திய கண்ணாடிக் குப்பியில் சூட்டோடு ஊற்றுங்கள். குப்பியில் ஒரு துளித் தண்ணீர் தங்கினாலும் மேற்பரப்பில் சர்க்கரை நீர்த்து, பூசணம் அங்கேதான் தொடங்கும். நிறம் தேன்பழுப்பாக வரும். கடைச் சர்பத்தின் கருஞ்சிவப்பு வேரிலிருந்து வருவதில்லை, கருக்கிய சர்க்கரையோ நிறமியோ சேர்த்தது.

200 மி.லி. குளிர்ந்த தண்ணீருக்கு 25 மி.லி. சர்பத், அரை எலுமிச்சை, ஊறிய சப்ஜா விதை ஒரு ஸ்பூன். அந்த 25 மி.லி.யில் 21 கிராம் சர்க்கரை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் என்கிறது. வெயிலுக்கு ஒரு தம்ளர் சரி, தாகத்துக்கு மூன்று தம்ளர் என்பது தாகத்தைத் தணிக்காமல் கூட்டும். சர்க்கரை உள்ளவர்கள் வேரை 1 லிட்டருக்கு 2 கிராம் போட்டு ஊறவைத்த வெறும் நன்னாரி வெள்ளம் குடிக்கலாம். உண்மையில் மணம் அதில்தான் சுத்தமாகத் தெரியும்.

உச்சிவெயிலில் ரப்பர் தோட்டத்திலோ கட்டட வேலையிலோ நிற்பவர்களுக்கு எங்கள் ஓட்டு சர்பத்துக்கு இல்லை, சம்பாரத்துக்கு. தயிர் ஒரு பங்கு, கொதித்து ஆறிய தண்ணீர் நாலு பங்கு, லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, தட்டிய இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, நாரத்தை இலை இரண்டு. வியர்வையில் போன உப்பு திரும்ப வரும். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் உப்பைப் பாதியாக்க வேண்டும். செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் மோரையோ எலுமிச்சைச் சாற்றையோ வைக்கக் கூடாது. புளிப்பு செம்பைக் கரைத்து இழுக்கும், குமட்டலும் வாந்தியும் வரும்.

தேன், இலை

மார்த்தாண்டம் தேன் வாங்குபவர்கள் அது உறைவதைப் பார்த்துச் சர்க்கரைப் பாகு என்று திருப்பிக் கொடுப்பதுண்டு. இங்கே தேனீக்கள் பெருமளவு எடுப்பது ரப்பர் மரத்துத் தேன், அது இயல்பிலேயே சீக்கிரம் உறையும். குப்பியை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகிவிடும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனை நாவில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. அதிலிருக்கக்கூடிய பொட்டுலிசம் வித்துகள் அந்த வயதுக் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும். கற்பூரவல்லிச் சாற்றில் தேன் குழைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுக்கும் வழக்கம் ஆபத்தாவது இங்கேதான்.

பெரியவர்களுக்குக் கற்பூரவல்லி மூன்று இலை அல்லது துளசி பத்து இலை, 200 மி.லி. வெந்நீரில் மூடி ஐந்து நிமிடம். கொதிக்கவைக்க வேண்டாம். ஆடாதோடையை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். அதிலுள்ள வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும், கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. பறிக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். ரப்பருக்குப் பூசணமருந்து அடித்த தோட்டத்தின் வரப்போரத்துச் செடி வேண்டாம். வேலியில் அரளி இருந்தால் பறிக்கும் கையை இரட்டிப்புக் கவனத்தோடு வையுங்கள். அதன் எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும் விஷம். 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவசம் போர்டு நைவேத்தியத்தில் அரளிப்பூவை விலக்கியது இந்த அச்சத்தால்தான்.

கஷாயமும் பச்சைச் சாறும்

இந்த வட்டாரத்து வீட்டுக் கொல்லைகளில் காய்த்துக் குலுங்கும் பிலிம்பியை, மலையாளத்தில் இரும்பன்புளி, மீன்குழம்புக்குப் போடுவதில் யாருக்கும் தொந்தரவில்லை. ‘கொழுப்பைக் கரைக்கும்’ என்று கேட்டு அதைப் பச்சையாக அரைத்து ஒரு தம்ளர் ஜூஸாகக் குடிப்பதுதான் வினை. கேரளத்தின் ஐந்து மருத்துவமனைகளில் இப்படிக் குடித்துச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்த பத்துப் பேரைப் பற்றிய மருத்துவ அறிக்கை 2013-இல் வெளியானது. காயில் ஆக்சாலிக் அமிலம் மிக அதிகம். வெறும் வயிற்றில் மொத்தமாக இறங்கும்போது சிறுநீரக நுண்குழாய்களில் உப்புப் படிகமாகப் படிந்து அடைத்துவிடுகிறது. குழம்பில் நாலு காய் ஆறு பேருக்குப் பிரிகிறது, ஜூஸில் இருபது காய் ஒருவருக்குப் போகிறது. அதே இனத்து நட்சத்திரப்பழத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இரண்டையும் தொடவே வேண்டாம்.

சீந்தில், அந்தப் பக்கம் சிற்றமிர்து. கொரோனா காலத்தில் இதன் தண்டைத் தினம் காய்ச்சிக் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். அது சீந்திலாக இல்லாமல் அதைப்போன்ற வேறொரு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. வீட்டில் செய்பவருக்கு இரண்டு தரப்பும் ஒரே பாடத்தைத்தான் தருகின்றன: தண்டு முழுக்க முண்டு முண்டாகப் புடைத்திருந்தால் அது வேறு கொடி, எடுக்காதீர்கள். சரியான கொடியே ஆனாலும் மாதக்கணக்கில் குடிக்காதீர்கள். தைராய்டு, முடக்குவாதம் போல உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் இருப்பவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். குடிக்கும் நாட்களில் சிறுநீர் கடும் மஞ்சளானாலோ பசி விட்டுப் போனாலோ கஷாயத்தை நிறுத்திக் கல்லீரல் பரிசோதனை செய்யுங்கள்.

அதிமதுரம் இனிப்பாக இருப்பதாலேயே தாக வெள்ளத்தில் தாராளமாகப் போடுகிறார்கள். அதிலுள்ள கிளிசரைசின் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, ரத்த அழுத்தத்தை ஏற்றும். நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் பொட்டாசியம் இன்னும் வேகமாக இறங்கும், இதயத்துடிப்பு தடுமாறும். தொண்டைக் கட்டுக்கு ஒரு துண்டை மூன்று நாள் சுவைப்பதோடு நிறுத்துங்கள். அழுத்தம் உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். ஆவாரம்பூவும் வெந்தயமும் சர்க்கரையைச் சற்று இறக்கக்கூடியவை. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு அவற்றையும் கஷாயமாகக் குடித்தால், வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை அடியோடு விழுந்துவிடலாம். மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் மட்டும் குடிப்பது அதைவிட மோசம்.

நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்கு. அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் கிடைக்கும் சூரணத்தையே வாங்குங்கள், தனித்தனியாக வாங்கிக் கலந்தால் பேய்ப்புடலில் தொடங்கி எல்லாவற்றிலும் ஆள்மாறாட்டம் உண்டு. 5 கிராம், 200 மி.லி., கால்பங்காக வற்றும் வரை சிறு தீ, வடித்துச் சில மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். காலையில் காய்ச்சியதை ராத்திரி சூடாக்கிக் குடிப்பது கூடாது. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். டெங்குக் காய்ச்சலில் இது துணைதான். குடிக்கும் தண்ணீரின் அளவும் ரத்தப் பரிசோதனையும்தான் உயிரைக் காக்கும். கஷாயம் குடித்துக் காய்ச்சல் இறங்கிய அந்த மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையில்தான் டெங்கு தீவிரமாகும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், ஆளே துவண்டு கிடப்பது என்று எது தெரிந்தாலும் அடுத்த வேளைக் கஷாயத்துக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும். போகும்போது என்ன காய்ச்சிக் குடித்தோம், எத்தனை நாளாக என்று ஒரு தாளில் எழுதி, சூரணப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.